பாபினுக்கு விட்ட மடிப்பு

என் அத்தானைத் தெருவில் எல்லோரும் அரையிஞ்ச் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதில் மட்டும் வந்துபோகும்.

அவர் தையல்காரர். கீழே கடை, பதினாறு படி ஏறினால் வீடு. கடையில் இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேஜை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, இஸ்திரி போடுவது, அத்தான் சொல்லும் பொய்க்குத் தலையாட்டுவது, இந்த நான்கும் அவருடைய மச்சினனான என் பொறுப்பு.

அந்தப் பொய்யால்தான் பட்டப்பெயர் வந்தது. யாராவது பேண்ட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "இடுப்புல கொஞ்சம் பிடிக்குது மாஸ்டர்" என்பார்கள். அத்தான் கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து அவர்கள் இடுப்பைச் சுற்றுவார். சுற்றும்போது வந்தவர் வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். அத்தான் அதைப் பார்க்காதவர்போல் அளவெடுத்து, மனசுக்குள் இரண்டு இஞ்ச் கூட்டிக்கொண்டு, வாயால் சொல்வது ஒன்றே ஒன்று: "ஒண்ணுமில்ல, அரையிஞ்ச்தான். துணி சுருங்கியிருக்கு." அந்தத் துணியோ பாலியெஸ்டர். கொதிக்கிற தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டாலும் சுருங்காது. ஆனால் வந்தவர் முகம் மலர்ந்துபோகும். முப்பது வருஷமாக எங்கள் தெருவில் ஒருவர்கூடப் பெருத்ததில்லை, துணிகள்தான் சுருங்கிக்கொண்டிருந்தன.

பெரிய வியாபாரம் பள்ளிக்கூடச் சீருடை. அதில் அத்தானுக்கென்று ஒரு வேதம் உண்டு. வளர்கிற பிள்ளைக்கு மடிப்பு விடாமல் தைப்பவன் தையல்காரனே அல்ல என்பார். கீழே மூன்று இஞ்ச், பக்கங்களில் இரண்டு இஞ்ச் என்று உள்ளே மடித்து வைப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொண்டே போகலாம். மூன்றாம் வகுப்பில் தைத்த டவுசரோடு ஐந்தாம் வகுப்பு தேறிய பிள்ளைகள் உண்டு. மடிப்பை வெட்டி எறிந்து அவர் தைத்து நான் பார்த்ததே இல்லை. வளர்ச்சி என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: டேப்பில் நம்பர் ஏற வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் என் அக்காள் மகள் ஒரு நாயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆசைப்பட்டு ஒரு குட்டி வாங்கினாள். வாங்கிய மறுமாதமே கடல் தாண்டி இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. குட்டிக்கு அப்போது மூன்று மாதம். யார்க்‌ஷயர் டெரியர் என்கிற சின்ன ஜாதி. கடையில் நாங்கள் வைத்திருக்கும் ஒரு அடி ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தால் ஸ்கேல்தான் நீளம். முதுகில் கருநீலம், முகத்தில் தாமிர நிறம், பட்டு நூல் மாதிரி முடி. அவள் வைத்த பெயர் அக்காவின் வாயில் நுழையவில்லை. வந்த அன்றே மெஷினிலிருந்து உருண்டு விழுந்த நூல் சுற்றிய பாபினை விரட்டிப் பிடித்து, வாயில் கவ்விக்கொண்டு கட்டிங் மேஜைக்கு அடியில் போய்விட்டது. அதிலிருந்து பாபின்.

"அப்பா, இந்த ஜாதியை அந்தக் காலத்துல துணி மில்லுல எலி பிடிக்க வச்சிருந்தாங்களாம்" என்று மகள் சொன்னதும் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்படின்னா நம்ம லைன்தான்னு சொல்லு!"

எலி பிடிப்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கடையில் ஒரே ஒருமுறை எலி வந்தது. பாபின் அதைப் பார்த்துவிட்டு அக்காவின் மடியில் ஏறிக்கொண்டது.

மகள் போகும்முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைக்கு இத்தனை கிராம். தினமும் முடி சீவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப் பிடிக்கும். பல் தேய்த்துவிட வேண்டும். இதன் மூச்சுக்குழல் மெலிசு, கழுத்தில் பட்டை மாட்டக் கூடாது, நெஞ்சைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். அடியில் சிவப்பு மையில்: பத்து மாதத்தோடு வளர்ச்சி முடிந்துவிடும், எடை மூன்று கிலோ, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆயுள் பதினைந்து வருடம்.

அத்தான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "ஒழுங்கா பாத்துக்கிட்டாலாம்! உன்னை யாரு பாத்துக்கிட்டது?" என்றார்.

பார்த்துக்கொள்வதில் அவர் குறை வைக்கவில்லை. காலையில் தான் பல் தேய்க்கும்போதே அதற்கும் தேய்த்துவிடுவார். மடியில் போட்டு நூல் பிரிக்கிற பொறுமையோடு முடி சீவுவார். துணிக்கென்றே வைத்திருந்த அவருடைய கத்தரியால் அக்கா ஒருமுறை காகிதம் வெட்டியதற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். அதே கத்தரியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாபினின் கண்ணில் விழும் முடியைக் கத்தரித்தார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது நான் பொறாமைப்பட்டேன் என்றால் அது பொய்யில்லை.

பாபினுக்குப் பத்து மாதம் ஆனபோது ஒரு கோட்டும் தைத்தார். மெல்லிய பருத்தி, உள்ளே லைனிங், முதுகில் வார் மாட்ட ஒரு வளையம். வெளியே கிளம்பினால் அதுதான் அதற்கு உடுப்பு. நெஞ்சளவு பதின்மூன்றரை. பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் மடிப்பு.

"எதுக்கு அத்தான் இவ்வளவு மடிப்பு? அதான் பாப்பா எழுதியிருக்காளே, இதுக்கு மேல வளராதுன்னு."

"அவ சின்னப் பொண்ணுடா. வளர்ற பிள்ளைக்கு மடிப்பு விடாம தைக்கச் சொல்றியா?"

அளவு நோட்டில், மூன்றாம் வகுப்பு பி பிரிவுக்கும் நான்காம் வகுப்பு ஏ பிரிவுக்கும் நடுவில், பாபினுக்கென்று ஒரு பக்கம் திறந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளவு. கழுத்து, நெஞ்சு, முதுகு நீளம். டேப்பைக் கண்டாலே பாபின் நுனியைக் கடித்து இழுக்கும், அவர் கொஞ்சிக் கொஞ்சி எடுப்பார்.

பதினோராம் மாதத்தில் வீட்டில் இழவு விழுந்ததுபோல் ஆகிவிட்டது.

"மாப்ள, முதுகு மூணு வாரமா ஒன்பதரையிலயே நிக்குதுடா."

"வளர்ந்து முடிஞ்சிடுச்சு அத்தான். அவ்வளவுதான் அது."

"பதினோரு மாசத்துல எந்தப் பிள்ளைடா வளர்ந்து முடிக்கும்? நான் எத்தனை ஆயிரம் பிள்ளைங்களைப் பாத்தவன்!"

அக்கா சமையலறையிலிருந்து தீர்ப்புச் சொன்னாள். "சாப்பாடு பத்தலை. கிராம் கணக்குல நிறுத்துப் போட்டா எது வளரும்? உங்களுக்கு நான் நிறுத்தா போடறேன்?"

அத்தானின் வயிற்றைப் பார்த்தால் அவள் நிறுத்துப் போடவில்லை என்பது தெரியும். ஆகவே தீர்ப்பு உடனே அமலுக்கு வந்தது.

அன்றிலிருந்து பாபினின் ராஜபோகம் ஆரம்பித்தது. அக்கா முட்டை போட்டாள், இறைச்சித் துண்டு போட்டாள், தனக்கு எடுத்த பாலில் பாதியை ஊற்றினாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் பிஸ்கட்டோடு வந்தார்கள். பாபின் இரண்டு காலில் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கும். அந்தப் பார்வைக்குத் தப்பியவர் இந்தத் தெருவில் இல்லை. நான் உத்தமன் மாதிரி இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் தினமும் நான்கு மணி டீக்கு வாங்கும் பன்னில் ஒரு முனை என் கையிலிருந்து மேஜைக்கு அடியில் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒரு மாதத்தில் பலன் தெரிந்தது. முதுகு அசையவில்லை. ஆனால் நெஞ்சளவு பதினான்கு.

"பாத்தியாடா! வளருது!"

கோட்டைப் பிரித்து அரையிஞ்ச் விட்டுத் தைத்தார். அடுத்த மாதம் இன்னொரு அரையிஞ்ச். ஒவ்வொரு தடவையும் நோட்டில் நம்பரை எழுதி அடியில் கோடு போடுவார். ஏறுகிற நம்பரைப் பார்த்து, தன் பிள்ளை முதல் ரேங்க் வாங்கியது போல் பூரித்துப்போவார்.

மகளோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவோம். பாபினுக்குக் கோட்டு மாட்டி மடியில் உட்கார வைப்பார்.

"அப்பா, கொஞ்சம் குண்டாத் தெரியுதே?"

"அது முடிம்மா."

"நெஞ்சைச் சுத்தி இறுக்குதா பாருங்க. ரெண்டு விரல் தாராளமா நுழையணும்."

அத்தான் போனுக்கு நேராகக் கோட்டுக்குள் விரலை விட்டுக் காட்டினார். "ரெண்டா? நாலு நுழையுதும்மா!"

அவள் நிம்மதியாகப் போனை வைத்தாள். எங்களுக்கும் அது பெரிய நிம்மதிதான். கோட்டு எப்போதும் கச்சிதமாக இருந்தது. கச்சிதமாக இருக்கிற உடுப்புக்குள் இருக்கும் உடம்பைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

இருபதாவது மாதத்தில் பாபின் இருமத் தொடங்கியது. வாத்து கத்துவதுபோல ஒரு வறட்டு இருமல். பதினாறு படியில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிடும். அத்தான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். பத்தாவது படியில் அவரும் நின்று மூச்சு வாங்குவார். இரண்டு பேரும் வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு நிற்பதை நான் கீழேயிருந்து பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் சிரிக்க முடியாமல் போயிற்று. யாரோ வந்த சத்தத்துக்குக் குரைத்துக்கொண்டு ஓடிய பாபின், பாதி வழியில் கால் மடங்கி விழுந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. நாக்கு நீலம் பாரித்துவிட்டது. அத்தான் ஓடிவந்து தரையில் உட்கார்ந்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "டேய் பாபினு, மூச்சை விடுடா, விடுடா" என்று கெஞ்சினார். கால் நிமிஷம் இருக்கும். எனக்கு என் பன் முனைகளெல்லாம் நினைவுக்கு வந்தன. கடைசியில் ஒரு பெரிய இருமலோடு மூச்சு திரும்பியது. நாங்கள் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினோம்.

நாய் டாக்டரம்மா அதிகம் பேசாதவர். மூச்சைக் கேட்டு, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பாபினைத் தூக்கித் தராசில் வைத்தார். ஐந்து கிலோ அறுநூறு.

"கோட்டோட சேத்துங்க" என்றார் அத்தான்.

டாக்டரம்மா கோட்டைக் கழற்றிவிட்டு வைத்தார். ஐந்து கிலோ ஐந்நூற்றி நாற்பது.

"உங்க தராசு பழசா இருக்கும்..." என்று அத்தான் ஆரம்பித்தார். எந்த நேரத்திலும் சுருங்குவதற்கு ஏதாவது ஒன்று அவருக்கு வேண்டும்.

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து பாபினின் விலாவில் வைத்தார். "எலும்பு கைக்குத் தட்டுதா? தட்டணும். இது மூணு கிலோ நாய். ஏறக்குறைய இன்னொரு நாயைத் தூக்கிக்கிட்டு நடக்குது. மூச்சுக்குழல் நசுங்குது, முட்டி விலகுது. ஒழுங்கா இருந்தா பதினஞ்சு வருஷம் இருக்கவேண்டியது. இப்படியே விட்டீங்கன்னா அடுத்த வருஷம் இருக்காது."

அத்தான் மேஜையிலிருந்த கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை" என்றார் டாக்டரம்மா. "எல்லாரும் பட்டை இறுக்குதுன்னாவது கூட்டிக்கிட்டு வருவாங்க. இவ்வளவு பெருக்கிற வரைக்கும் உங்களுக்கு எதுவுமே இறுக்கலையா?"

அத்தான் கையிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான்தாங்க தளர்த்தித் தளர்த்திக் கொடுத்தேன்."

டாக்டரம்மா ஒரு சின்ன அளவுக் குவளையும் ஒரு தாளும் கொடுத்தார். தாளில் இருந்ததெல்லாம் குளிர்பதனப் பெட்டியில் ஏற்கெனவே ஒட்டியிருந்ததுதான். "உங்களுக்கு வயசு என்ன?" என்று கேட்டார். அறுபத்திரண்டு. அத்தானின் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, "இதைப் பாத்துக்க நீங்களும் இருக்கணும்" என்றார்.

வருகிற வழியெல்லாம் அத்தான் அதைத்தான் பொருமிக்கொண்டு வந்தார். "நாய்க்குப் பாக்கச் சொன்னா என்னைப் பாக்கறாங்க!"

மகள் வர எட்டு மாதம் இருந்தது. அதற்குள் பாபின் மூன்று கிலோவுக்கு வந்தாக வேண்டும், அதாவது பிழைத்தாக வேண்டும். அத்தான் சட்டம் போட்டார். குவளை அளவுதான் சாப்பாடு. காலையும் மாலையும் மெதுவாக நடை. வேறு எதுவும், யாரும், எப்போதும் போடக் கூடாது. கடைக் கண்ணாடியில் 'நாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினார். நாங்கள் மூவரும் சத்தியம் செய்தோம்.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனைத் தராசில் ஐந்து கிலோ ஐந்நூற்றி இருபது. இருபது கிராம் இறங்கியிருந்தது. அன்று காலையில்தான் அது வெளிக்குப் போயிருந்தது.

அத்தானுக்குச் சந்தேகம் முளைத்தது. மறுநாள் துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸை இடித்துப் பொடியாக்கி, வாடிக்கையாளர்கள் கொண்டுவந்த பிஸ்கட் மிச்சமிருந்த டப்பாவின் மூடிக்கு அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் தடவி வைத்தார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் காலை எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கையை நீட்டச் சொன்னார்.

அக்காவின் கட்டைவிரல் நீலம்.

"அரை பிஸ்கட்தாங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு."

என் சட்டைப்பை ஓரம் நீலம்.

"நானும் அரைதான் அத்தான்."

அத்தான் எங்களைக் கொலைகாரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அரை, அரைன்னு நீங்க ரெண்டு பேரும் சேந்து அந்த வாயில்லா ஜீவனை..." என்று குரலை உயர்த்தும்போதே, அக்கா முன்னால் வந்து அவர் கழுத்தில் தொங்கிய டேப்பின் நுனியைத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள் டேப்பில் பளிச்சென்று இரண்டு நீல விரல் தடம்.

டப்பாவில் சாக்பீஸ் பொடி தடவிய மனிதரே, விடியற்காலையில் பழக்கதோஷத்தில், அதே டப்பாவைத் திறந்திருக்கிறார்.

"எத்தனைங்க?" என்றாள் அக்கா.

அத்தான் அசடு வழிந்தார். "அரைதான்."

கீழே பாபின் தாடியெல்லாம் நீலமாக, வாலை ஆட்டிக்கொண்டு, நான்காவது அரைக்காகக் காத்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்த நீல நாக்கை நினைத்துக்கொண்டேன். "முப்பது வருஷமா நீங்க யாருக்கு அத்தான் சரியான அளவைச் சொல்லியிருக்கீங்க? எல்லாருக்கும் அரையிஞ்ச், எல்லாருக்கும் துணி சுருங்கிடுச்சு. அவங்களாவது கண்ணாடியில பாத்துத் தெரிஞ்சுக்குவாங்க. இதுக்கு என்ன தெரியும்? இது சாகப் போகுது அத்தான், நாம மூணு பேரும் அரை அரையாச் சாகடிக்கப் போறோம்" என்று கத்திவிட்டேன்.

அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிஸ்கட் டப்பாவைப் பக்கத்துக் கடை சைக்கிள் மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார். இப்போது அதில் ஆணி இருக்கிறது.

நாலாம் நாள் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் வந்தார். ஒரே பேண்ட்டை ஆறு தடவை பிரித்துவிட்டுக் கொண்டுபோனவர். பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டு, தான் நிழலில் உட்கார்ந்து விசில் மட்டும் ஊதுவார்.

"மறுபடியும் துணி சுருங்கிடுச்சு மாஸ்டர்" என்று சொல்லி வயிற்றை எக்கி, கூரையைப் பார்த்தார்.

அத்தான் டேப்பைச் சுற்றினார். வழக்கமான வார்த்தை வரும் என்று நானும் இஸ்திரிப் பெட்டியோடு காத்திருந்தேன்.

"துணி சுருங்கலை சார்" என்றார் அத்தான். "நீங்க பெருத்துட்டீங்க. இந்த ஆறு மாசத்துல ரெண்டே முக்கால் இஞ்ச்."

வாத்தியாருக்கு முகம் செத்துவிட்டது. எக்கியிருந்த வயிறு தானாக வெளியே வந்தது. "மரியாதையாப் பேசுங்க" என்று பேண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். அன்று மாலைக்குள் மாஸ்டருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெரு முழுக்கச் செய்தி பரவியது. பலர் அடுத்த தெருத் தையல்காரரிடம் போனார்கள். அங்கே இன்னமும் துணிதான் சுருங்குகிறது. வாத்தியார் மட்டும் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். இப்போது மைதானத்தில் அவரும் ஓடுகிறாராம், பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கையாம்.

பாபின் இறங்கத் தொடங்கியது. முதல் மாதம் முன்னூறு கிராம். அது அழுத அழுகையை எழுதி முடியாது. காலிக் குவளையை வாயில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, ஒவ்வொருவர் காலடியிலும் போட்டுப் பார்க்கும். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அத்தான் மெஷினை வேகமாக மிதிப்பார். நான் டீயை நிறுத்திவிட்டேன், பன்னும் நானும் அதன் கண்ணில் ஒன்றாகப் படக் கூடாது என்று.

ஐந்து கிலோ, நாலரை, நாலு. நோட்டில் முதன்முறையாக நம்பர்கள் இறங்கின. அத்தானுக்கு இறங்குகிற நம்பருக்கு அடியில் கோடு போடக் கை வரவில்லை. ஒவ்வொரு அரையிஞ்ச் குறைந்ததும் கோட்டைப் பிரித்து, உள்ளே பிடித்துத் தைத்தார். ஏழாவது மாதம் பாபின் பதினாறு படியையும் தானாகவே ஏறி, மேலே நின்று, பத்தாவது படியில் இரைத்துக்கொண்டிருந்த அத்தானைப் பார்த்துக் குரைத்தது. அன்று அவர் படியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை என்று சொன்னார்.

மகள் வருவதற்கு முதல் நாள் எடை மூன்று கிலோ இருநூறு. கோட்டு பழைய பதின்மூன்றரைக்கே வந்துவிட்டது. நான் கோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்புக்குள்ளே, இரண்டு பக்கமும், பிரித்த தையல்களின் ஊசி ஓட்டைகள் வரிசை வரிசையாகக் கிடந்தன.

"அத்தான், உள்மடிப்பை வெட்டிடுங்க. பாப்பா தையல்காரர் மக. இதைப் பாத்தான்னா குட்டு வெளிப்பட்டுடும்."

அத்தான் கத்தரியை எடுத்தார். மடிப்பில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். அது நேர்மையா, மடிப்பை வெட்டிப் பழக்கமில்லாத கையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அவள் வந்ததும் பாபின் கட்டிங் மேஜையைச் சுற்றி ஏழெட்டு வட்டம் அடித்தது. மடியில் தூக்கி வைத்து விலாவைத் தடவிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். "எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்கப்பா!" என்றாள். அக்கா பெருமையாக என்னைப் பார்த்தாள். நான் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தேன்.

பிறகு அவள் கோட்டைக் கழற்றினாள். கழற்றின வேகத்தில் அது உள்பக்கம் வெளியாகத் திரும்பிக்கொண்டது. அவள் கை நின்றுவிட்டது. நகத்தால் ஊசி ஓட்டை வரிசைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எட்டு.

"எதுவரைக்கும்பா போச்சு?"

அத்தான் நின்ற இடத்திலிருந்து அசையாமல் சொன்னார்: "பதினேழரை. அஞ்சு கிலோ அறுநூறு. ஒரு தடவை மூச்சே நின்னுடுச்சும்மா. நான்தான் பண்ணேன்."

அவள் பாபினின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டியிருந்தார்கள். அங்கே அவள் இருக்கும் விடுதியில் நாய்க்கு இடமில்லை. அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள் என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"இன்னும் பன்னண்டு பதிமூணு வருஷம் இருக்கும்பா இது" என்றாள். எழுந்து வந்து, அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். "கையைத் தூக்குங்க."

"எதுக்கும்மா?"

"தூக்குங்கப்பா."

முப்பது வருஷமாக ஊரையே அளந்த மனிதர், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். அவள் டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். அத்தான் வயிற்றை எக்கினார். கூரையைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அவள் டேப்பைப் பிடித்தபடி அவசரப்படாமல் காத்திருந்தாள்.

"மூச்சை விடுங்கப்பா" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அத்தான் மூச்சை விட்டார். டேப் அவள் விரலிலிருந்து நழுவி நழுவி, நாற்பத்தி நாலரையில் வந்து நின்றது. நோட்டில் பாபினின் பக்கத்தை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே அதை அவரே எழுதினார். துணி, டேப், தராசு எதையும் குறை சொல்லவில்லை.

நான் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தேன்.

"எங்கடா போறே?" என்றார் அத்தான், டேப்பை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டே. "வா மாப்ள, கையைத் தூக்கு."